வாயிலுக்கு உள்ளேயா, வெளியேயா?



மீஞ்சூர் தாண்டி கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். அங்கேயே என் பேச்சில் பாதியை அடித்துவிட்டேன். உங்களுக்கு லாபம்தான்.

பட்டம் பெறும் நீங்கள் நேர்முகத் தேர்வுக்கென்று கடினமான ஆங்கிலச் சொற்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறீர்கள். நானும் செய்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ‘டெமரேஜ்’, ‘டிடென்ஷன்’ இரண்டும் தாமதக் கட்டணம்தானே என்று ஒரே கணக்கில் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன். கப்பலிலிருந்து இறக்கிய கன்டெய்னர் பெட்டி இலவச நாட்களைத் தாண்டித் துறைமுகத்துக்குள்ளேயே கிடந்தால் டெமரேஜ். வெளியே கொண்டுபோய்ச் சரக்கை இறக்கிவிட்டு, காலிப் பெட்டியைக் கெடுவுக்குள் திருப்பித் தராவிட்டால் டிடென்ஷன். பெட்டி வாயிலுக்கு உள்ளேயா, வெளியேயா? அவ்வளவுதான் வித்தியாசம். அகராதி பார்த்துப் புரியாதது, வாயிலில் போய் நின்றதும் புரிந்தது.

ஆங்கிலத்தைக் கண்டு மிரள வேண்டாம். அதற்குள் நம் சரக்கும் இருக்கிறது. சுருட்டு அங்கே ‘செரூட்’, குருந்தக்கல் ‘கொரண்டம்’. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல், யூல் என்பவரோடு சேர்ந்து இப்படிப்பட்ட சொற்களைத் திரட்டிய ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி 1886இல் வெளிவந்தது. நம் கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனது. இன்று இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகுக்கும் அதுதான் பெயர். கயிற்றால் கட்டிய மரங்களுக்கும் அந்தப் படகுக்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். போன இடத்தில் சொல் வேறு வீட்டில் குடியேறிவிட்டது.

டெமரேஜ் போல மிரட்டும் இன்னொரு சொல், ‘அக்ரீஷன்’. அதைச் சந்தித்தது ஒரு சுற்றுச்சூழல் அறிக்கையில். பெரிய திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு நடத்தும்போது அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும் என்கிறது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006ஆம் ஆண்டு அறிவிக்கை. நுணுக்கமெல்லாம் கிடப்பது முழு அறிக்கையில். அது பெரும்பாலும் ஆங்கிலம். அப்படி ஒன்றைப் படித்துவிட்டு, அலை கொண்டுவரும் மணல் ஓரிடத்தில் சேர்ந்து கரை வளர்வதுதான் அக்ரீஷன் என்று பழவேற்காட்டுப் பெரியவர் ஒருவருக்கு விளக்கினேன். முடிக்கவிடவில்லை.

“மணல் ஏர்றதத்தான சொல்ற தம்பி? மொகத்துவாரம் அடைச்சிக்கினா எறா ஏரிக்குள்ள வராதே. அத எழுதிக்கீறாங்களா?”

அன்றிரவு அறிக்கையை மறுபடி எடுத்து, முதல் பக்கத்திலிருந்து அந்த வரியைத் தேடத் தொடங்கினேன்.