மிக்கேல் கல்லூரியில் மயில்வாகனம் கற்றவை



கத்தோலிக்கப் பாடசாலைகளின் பாடநெறிகளையும் மாணவர் வாழ்வையும் பற்றி அரசாங்கப் பாடசாலை அதிபர் ஒருவர் பேசுவதேன் என்று சிலர் வினவக்கூடும். நான் அத்தகைய பாடசாலையில் கற்றவனுமல்லன், கற்பித்தவனுமல்லன். ஆயினும் வேலிக்கு அப்பால் நின்று பார்ப்பவனுக்கும் சில செய்திகள் தெளிவாகவே புலப்படும். பொதுப்படப் பேசுவதினும் ஒரு கல்லூரியையும் அதன் மாணவர் ஒருவரையும் எடுத்துக்கொள்வது பயனுடைத்தென்று கருதுகிறேன்.

மட்டக்களப்பு, புளியந்தீவிலுள்ள புனித மிக்கேல் கல்லூரி 1873ஆம் ஆண்டு தோன்றியது. 1895இல் திருகோணமலை மறைமாவட்டம் இயேசு சபைத் துறவிகளிடம் ஒப்படைக்கப்பட்டபின், அவர்களின் கைவண்ணம் இக்கல்லூரியில் ஆழப் பதிந்தது. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், காரைதீவைச் சேர்ந்த சைவச் சிறுவன் ஒருவன் அங்கு மாணவனாய்ச் சேர்ந்தான். பெயர் மயில்வாகனம். பின்னாளில் உலகம் அவரைச் சுவாமி விபுலாநந்தர் என அறிந்தது.

அக்காலத்து ஆங்கிலக் கல்லூரிகளின் பாடநெறி எத்தகையது? அதன் முடி கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சை. வினாத்தாள்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும். விடைத்தாள்கள் கப்பலிலேயே திரும்பிச் செல்லும். ஆங்கிலமும் கணிதமும் தலைமைப் பாடங்கள். நம் பிள்ளைகள் இங்கிலாந்தின் சரித்திரத்தைக் கரைத்துக் குடித்தார்கள். மட்டக்களப்பு வாவியின் கதையை அவர்களுக்குச் சொல்வாரில்லை. தமிழுக்கு அங்கே கிடைத்த இடம் மிகச் சிறிது. இதனைக் கத்தோலிக்கப் பாடசாலைகளின் குற்றமென்று மட்டும் கூறுவது நீதியாகாது. ஆங்கிலக் கல்லூரிகள் யாவற்றினதும் நிலை அதுவே. கட்டணமும் ஒரு தடை. 1945இல் இலவசக் கல்வி வரும்வரை, ஏழைப் பிள்ளைகள் பலருக்கு அக்கல்லூரிகளின் வாயில் திறக்கவில்லை. மிஷன் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பினால் சமயம் மாறிவிடுவானோ என்ற அச்சமும் சைவப் பெற்றோரிடத்து இருந்தது. நாவலர் பெருமான் 1848இலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது காரணமின்றியன்று.

இத்தனை குறைகளிருந்தும் மயில்வாகனத்துக்கு அக்கல்லூரி வழங்கிய ஒரு பெருஞ்செல்வம் உண்டு. அது கணிதம். இயேசு சபையைச் சேர்ந்த பொனல் அடிகளாரிடம் அவர் பெற்ற கணிதப் பயிற்சியை, அவரது வரலாற்றை எழுதினோர் எடுத்துரைப்பர். 1908இல், தமது பதினாறாவது வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியெய்தினார். பின்னர்த் தாம் கற்ற கல்லூரியிலேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். சமயம் மாறாத ஒரு சைவ இளைஞனைக் கத்தோலிக்கக் கல்லூரி தன் ஆசிரியனாய் ஏற்றுக்கொண்டது என்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும். மேற்சொன்ன அச்சத்துக்கு இதுவும் ஒரு விடை. முழு விடையென்று நான் சொல்லேன்.

இனித்தான் செய்தியின் சுவையான பகுதி வருகிறது. கல்லூரி தராத தமிழை அவர் கல்லூரிக்கு வெளியே தேடிக் கற்றார். 1916ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் தேறிய முதலாமவர் அவரே. ஒரு கையில் சோதனைக் குழாய், மறு கையில் தொல்காப்பியம்! அடுத்த ஆண்டில் மற்றொரு கத்தோலிக்கக் கல்லூரியாகிய யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி அவரை விஞ்ஞான ஆசிரியராக அழைத்துக்கொண்டது. 1920இல் இலண்டன் பல்கலைக்கழக பீ.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

1947இல் வெளிவந்த யாழ்நூலைப் புரட்டிப் பார்த்தவர்கள் இவ்விரு கல்வியும் எங்கே சென்று கூடின என்பதை அறிவர். சிலப்பதிகார அரங்கேற்று காதையின் சொற்களுக்குப் பொருள் காண்பதற்குத் தமிழ்ப் புலமை வேண்டும். சுருதிகளுக்கிடையேயுள்ள அளவுகளைக் கணக்கிட்டு, மறைந்துபோன யாழ்களின் இசையை மீட்பதற்குக் கணிதமும் பௌதிகமும் வேண்டும். இரண்டும் ஒருவரிடத்தே இருந்தன.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளில் மிகப் பல அரசாங்கத்தின் கீழ் வந்தன. மிக்கேல் கல்லூரியும் இன்று ஒரு தேசிய பாடசாலை. கட்டணத் தடை நீங்கியது. தமிழே போதனா மொழி. ஒவ்வொரு மாணவனும் தன் சமயத்தையே பாடமாகக் கற்கிறான். பழைய குறைகள் இவ்வாறு தீர்ந்தன. புதிய குறையொன்று பிறந்திருக்கிறது. சாதாரண தரம் முடிந்ததும் கலை, வணிகம், உயிரியல், பௌதிக விஞ்ஞானம், தொழினுட்பம் என்று பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறோம். இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் எடுக்கும் மாணவனுக்கு, தமிழ் இலக்கியத்தோடு இருந்த உறவு பதினாறு வயதிலேயே பெரும்பாலும் அறுந்துபோகிறது. கலைப்பிரிவு மாணவனோ கணிதப் புத்தகத்தை மூடி வைத்தவன்; பிறகு திறப்பதில்லை. பெறுபேற்றுத் தாளுடன் என்னிடம் வரும் பெற்றோர், “ஐயா, எந்தப் பிரிவில் வேலை கிடைக்கும்?” என்றே கேட்கின்றனர். அவர்களை நான் குறைகூறமாட்டேன். ஆனால் பிள்ளைக்கு எதில் விருப்பம் என்று நான் கேட்கும்போது, தாயும் தகப்பனும் ஒருவரையொருவர் பார்ப்பதுண்டு.

மாணவர் வாழ்வைப் பற்றியும் ஒரு சொல். பழைய கத்தோலிக்கக் கல்லூரிகளில் பாடம் முடிந்தபின்னரே பாடசாலையின் மறுபாதி தொடங்கும். விளையாட்டு, விடுதி, மாலைப் படிப்பு, நாடகம் என்று அது நீளும். பிரெஞ்சுத் துறவிகளுக்குப் பின் அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபையினர் மட்டக்களப்புப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டத்தைப் பழக்கினர். அவர்களுள் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரை நகரின் விளையாட்டரங்கு இன்றும் தாங்கி நிற்கிறது. ஹேபியர் அடிகளாரோ கூடைப்பந்துப் பயிற்சியாளர். தொழிற்பயிற்சி நிலையத்தையும் நடத்தியவர். 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அவரும், உடன்சென்ற இளைஞரும் காணாமற்போயினர். அவர்கள் திரும்பவேயில்லை. தம் ஊரல்லாத ஊரின் பிள்ளைகளோடு மாலைப்பொழுதுகளைக் கழித்த ஒருவரின் முடிவு இவ்வாறாயிற்று.

அந்த மாலைப்பொழுது இன்று எங்கே? பிற்பகல் ஒன்றரைக்கு மணி அடித்ததும் எம் பிள்ளைகள் ரியூட்டரிகளுக்கு விரைகின்றனர். உயர்தர இரண்டாம் ஆண்டிலோ பாடசாலைக்கே வருவது அரிதாகிறது. மைதானத்தில் ஆடுகள் மேய்கின்றன. நேயர்கள் சிரிக்கலாம், எங்கள் பாடசாலைக் காவலாளி சிரிப்பதில்லை.

புதன்கிழமை பிற்பகலில் விஞ்ஞானப் பிரிவு மாணவருக்கு ஒரு மணி நேரம் சிலப்பதிகாரம் சொல்லிக்கொடுக்கிறேன். பரீட்சைக்கு உதவாது என்பதை முதல் நாளே சொல்லிவிட்டேன். ஐவர் சேர்ந்தனர். இரண்டாந் தவணையில் மூவர் நின்றுவிட்டனர். எஞ்சிய இருவரில் ஒருத்தி சென்ற வாரம், அரங்கேற்று காதையில் வரும் அரங்கின் நீள அகலங்களைத் தன் கணிதக் கொப்பியில் படமாக வரைந்து கொண்டுவந்து, கோல் என்பது எத்தனை அடி என்று என்னைக் கேட்டாள். இந்த வாரம் அதனைக் கணக்கிட்டுப் பார்க்கவிருக்கிறோம்.