தகரப்பேணியும் இசைத்தட்டும்
(சித்திரைப் புத்தாண்டு விழாவில் பேசியது)

ஏ.எல். வரை படிச்சுப்போட்டு பக்டரியில் பெட்டி அடுக்கிறவன் நான். பழைய இசைத்தட்டுப் பாட்டுக் கேட்கிறதில் கொஞ்சம் பைத்தியம்.

என்னோடு இரவு வேலை செய்யிற ஐயா ஒருவர் ரங்கூன் தமிழர். இப்ப அந்த நகரத்தை யாங்கோன் என்கினம். 1964இல் அரசாங்கம் கடைகளை எடுத்தபோது சொந்தக்காரர் மதராசுக்குக் கப்பலேற, இவருடைய தகப்பன் போகாமல் நின்றவராம். ஒருநாள் சாப்பாட்டு நேரம் போனில் பர்மியக் கிற்றார் போட்டார். மடியில் கிடத்தி, கம்பிமேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கிறது. ஹவாய்த் தீவுகளிலிருந்து அங்கே வந்த பழக்கம்.

"பிளைண்ட் வில்லி ஜோன்சன் மாதிரி இருக்கே, ஐயா" என்றேன்.

"அது ஆர் தம்பி?"

சொன்னேன். அமெரிக்காவில் டெக்சாஸ் தெருக்களில் தகரப்பேணியை வைத்துப் பாடிய, கண்பார்வையில்லாத கறுப்பினத்தவர். 1927 டிசம்பரில் டல்லஸ் நகரத்தில் கொலம்பியா கொம்பனி அவரைப் பதிவு செய்தது. 1930 வரைக்கும் முப்பது பாட்டு. பிறகு ஒருவரும் கூப்பிடேல்லை. 1945இல் வறுமையில் இறந்தார். 1977இல் வொயேஜர் விண்கலத்தில் ஏற்றின தங்கத் தட்டில் அவருடைய பாட்டும் ஒன்று. அதில் சொல்லே இல்லை, முனகல்தான்.

ஐயா கொஞ்சநேரம் பேசேல்லை. 1902-03 பயணத்தில் பிரெட் கைஸ்பர்க் என்ற கிராமபோன் கொம்பனிக்காரர் ரங்கூனிலும் பாட்டுப் பதிந்தவர் என்றும் சொன்னேன். "தெருவில பாடினவனைக் கூப்பிட்டிருப்பானோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கட கொடுமுடி சுந்தராம்பாளும் சிறுமியாக ரயிலில் பாடிக் காசு வாங்கினவர்தான். நாடகக் கொம்பனி கூட்டிக்கொண்டு போனபடியால் பிறகு இசைத்தட்டில் ஏறினார்.

என்ர அம்மப்பாவை ஒரு கொம்பனியும் கூப்பிடேல்லை. கண் மங்கின மனுசன், கிளிநொச்சிச் சந்தையடியில் பாடுவார். 2003இல் மாமா ஒரு கசெற்றில் பதிந்து வைத்தார். இடையிடையே பஸ் ஹோர்ன், மீன்காரியின்ர சத்தம் எல்லாம் கேட்கும். 2009இல் பங்கரை விட்டு ஓடேக்க நான் அரிசிப் பையைத்தான் தூக்கினேன். கசெற் சட்டைப்பைக்குள்ளேயே கொண்டிருக்கும். அரிசியைத் தூக்கினது பிழையென்று சொல்லேல்லை.

ஆனால் மாமா அதை நாலைந்து பேருக்குக் கொப்பி அடிச்சுக் குடுத்தவர். வெள்ளை மட்டை, நீல மையில் 'சந்தைப் பாட்டு' என்று எழுதியிருக்கும். இங்கே கிளிநொச்சி ஆட்கள் இருக்கிறியள். வீட்டில் பழைய பெட்டிகளை ஒருக்கால் பாருங்கோ. பூஞ்சணம் பிடிச்சாலும், நாடா அறுந்தாலும் பரவாயில்லை. கூட்டம் முடிய வாசலில் நிற்பன்.