பரிஸில் சந்தித்த ஒரு பழைய மாணவி

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கல்லூரி எனக்குத் தந்தவை" என்ற தலைப்பில் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். ஒழுக்கம், ஆங்கிலம், காலையில் நேரத்துக்கு எழும்பும் பழக்கம் என்று ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினேன். எழுதி முடித்து வாசித்தபோது அது பரிசளிப்பு விழா அறிக்கை போல இருந்தது. அதை மடித்து வைத்துவிட்டு, நான் வெளிநாட்டில் படித்த காலத்தில் தோழிகளுடன் போன ஒரு வார இறுதிப் பயணத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். கல்லூரிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பது சற்றுப் பொறுத்து விளங்கும்.

2011ஆம் ஆண்டு புலமைப்பரிசில் கிடைத்து, பொதுச் சுகாதாரத்தில் முதுமாணிப் படிப்புக்காக ஓராண்டு இங்கிலாந்து சென்றேன். வகுப்பில் நாங்கள் நாலு பேர் ஒன்றாகச் சேர்ந்தோம். ஒருத்தி நைஜீரியா, ஒருத்தி நேபாளம், ஒருத்தி இத்தாலி. நாலு பேருமே வைத்தியர்கள். நாலு பேருக்குமே சமைக்க நேரமில்லை. மார்ச் மாதம் முதல் வார இறுதியில் பரிஸுக்குப் போவோம் என்று இத்தாலிக்காரிதான் தொடங்கினாள். அந்தக் காலத்தில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை லூவர் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மாணவர்களுக்கு அதைவிட வேறு காரணம் வேண்டுமா?

அவள் தன் அடையாள அட்டையைக் கைப்பையில் போட்டாள், அவளுடைய ஆயத்தம் முடிந்தது. எங்கள் மூவருக்கும் ஷெங்கன் விசா வேண்டும். அப்போது கட்டணம் 60 யூரோ. வங்கிக் கூற்று, பல்கலைக்கழகக் கடிதம், தங்குமிடப் பதிவு, திரும்பி வரும் பயணச்சீட்டு, 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி எல்லாம் காட்ட வேண்டும். இரண்டு இரவு தங்குவதற்கு என் கோப்பு ஒரு தடித்த புத்தகமாகிவிட்டது. "நீங்கள் மூன்று பேரும் அங்கேயே குடியேறப் போகிறீர்களா?" என்று இத்தாலிக்காரி பகிடி விட்டாள். நாங்களும் சிரித்தோம். ஆனால் வரிசையில் நின்ற நேரமெல்லாம் எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. நான் அப்படி வருகிறவள் இல்லை, படித்தவள், வைத்தியர், திரும்பிப் போகிறவள் என்று அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவருக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் லண்டன் சென் பாங்ரஸ் நிலையத்தில் புகையிரதம் ஏறினோம். பிரெஞ்சு அதிகாரிகளும் அங்கேயே இருந்து, ஏறுமுன்பே கடவுச்சீட்டில் முத்திரை குத்திவிட்டார்கள். கடலுக்கடியில் செல்லும் சுரங்கம் 50 கிலோமீற்றர். அதைக் கடக்க 20 நிமிடம்தான். சன்னலில் என் முகத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இரண்டேகால் மணித்தியாலத்தில் பரிஸின் கார் டு நோர் நிலையத்தில் இறங்கினோம். நிலையத்துக்குக் கிட்ட, மலிவான ஒரு விடுதியில் நாலு பேருக்கும் ஒரே அறை.

சனிக்கிழமை நடந்தே திரிந்தோம். வைத்தியர்கள் என்றபடியால் முதலில் நெக்கர் மருத்துவமனையின் வாசலுக்குப் போனோம். 1816இல் லெனெக் என்ற வைத்தியர் ஒரு தாளைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டது அந்த மருத்துவமனையில்தான். எங்கள் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப் அங்கிருந்துதான் வந்தது. பிறகு பந்தேயோன். பிரான்ஸ் தன் பெரியவர்களை அடக்கம் செய்யும் இடம் அது. கீழ்மண்டபத்தில் மேரி கியூரியின் கல்லறை இருக்கிறது. 1995இல்தான் அங்கே கொண்டுவந்தார்கள். தன் சொந்தச் சாதனைக்காக அங்கே வைக்கப்பட்ட முதற் பெண் அவர்.

மேரி கியூரியின் இரண்டு நோபல் பரிசுகளைப் பற்றி எங்களுக்கு விஞ்ஞானப் பாடத்தில் சொல்லித்தந்தார்கள். அவருடைய அக்காவைப் பற்றிச் சொல்லித்தரவில்லை. அந்தக் காலத்தில் வார்சோ பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை. ஒளித்து நடத்திய வகுப்புகளில்தான் சகோதரிகள் படித்தார்கள். பின் இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். தங்கை வீடுகளில் பிள்ளைகளுக்குப் படிப்பித்துச் சம்பாதித்து அனுப்ப, அக்கா பரிஸில் மருத்துவம் படிப்பார். அக்கா வைத்தியரானதும் தங்கையைக் கூப்பிட்டுப் படிக்க வைப்பார். அப்படித்தான் 1891இல் மேரி பரிஸுக்கு வந்தார். அந்தக் கல்லறைக்கு முன்னால் இதை நான் தோழிகளுக்குச் சொன்னபோது நைஜீரியத் தோழி, "என் அண்ணன் அப்படித்தான் என்னைப் படிப்பித்தான்" என்றாள். அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை.

அன்றிரவு சரியான பசி. கார் டு நோர் நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் லாச்சப்பல். அங்கு போனவர்களுக்குத் தெரியும். புடவைக்கடை, நகைக்கடை, மரக்கறிக்கடை, எல்லாவற்றிலும் தமிழ்ப் பெயர்ப்பலகை. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வீதியோரத்தில் அடுக்கியிருக்கும். தோழிகளைச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குள் கூட்டிக்கொண்டு போய் ரோல்ஸும் கொத்து ரொட்டியும் சொன்னேன். பக்கத்து மேசையில் ஒரு பெண், கோட்டுக்குள்ளே ஹோட்டல் துப்புரவுப் பணியாளரின் சீருடையோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் கேட்கும் முதற் கேள்வியைக் கேட்டார்.

"நீங்கள் எந்த இடம்?"

நான் ஊரைச் சொல்லவில்லை. "நான் டொக்டர், லண்டனிலிருந்து வந்திருக்கிறன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் யோசிக்கிறேன். விசா வரிசையில் நின்றபோது இருந்த அதே எண்ணம்தான் என்று நினைக்கிறேன். அவர் விடவில்லை. ஊரைக் கேட்டார், சொன்னேன். படித்த பள்ளிக்கூடத்தைக் கேட்டார், கல்லூரியின் பெயரைச் சொன்னேன். கோப்பையை மேசையில் வைத்தார்.

"நீர் எந்த வருசம்?" என்றார். அதுவரை நான் "நீங்கள்". கல்லூரியின் பெயரைக் கேட்டதும் "நீர்" ஆகிவிட்டேன். அவர் எனக்கு ஒரு வகுப்பு மேல். எங்கள் இல்லத்துக்காக வலைப்பந்து விளையாடியவர். அவர் பந்து போடும்போது கோட்டுக்கு வெளியே நின்று நானும் கத்தியிருக்கிறேன்.

"அக்கா, நீங்கள் இங்கத்தைப் பழைய மாணவியர் சங்கத்துக்குப் போறனீங்களா?"

"இல்லைப் பிள்ளை. நான் பழைய மாணவி இல்லை. முடிக்காமல் வந்தனான்."

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவை இங்கே இருக்கும் பலருக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மழைக்குள் வலிகாமம் முழுவதும் வீதிக்கு இறங்கி, நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடியடியாக நகர்ந்த இரவு அது. அடுத்த ஆண்டு எங்கள் குடும்பம் திரும்பி வந்தது. கல்லூரியும் திறந்தது, நான் என் கதிரையில் மீண்டும் இருந்தேன். அவருடைய குடும்பம் வன்னிக்குப் போனது. தகப்பன் இல்லை. அவருக்கு அடுத்து ஒரு தங்கை. 1999இல் அவர் பரிஸுக்கு வந்தார். அன்றிலிருந்து ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்கிறார். அந்தப் பணத்தில் தங்கை படித்தார். இன்று அந்தத் தங்கை ஓர் ஆசிரியை.

கியூரி சகோதரிகளின் ஒப்பந்தத்தில் இரண்டு பாதியும் நிறைவேறின. எங்கள் அக்காமார் பலருக்கு முதற்பாதி மட்டுமே நடந்தது. அது யாருடைய குற்றமும் இல்லை. தங்கைக்குச் சம்பளம் வரத் தொடங்கும்போது அக்காவுக்குப் படிக்கிற வயது போய்விடுகிறது.

விசாவுக்கு நான் பட்ட பாட்டைச் சொன்னேன். சிரித்துக்கொண்டு தன் பயண ஆவணத்தைப் பற்றிச் சொன்னார். அகதிகளுக்குக் கொடுப்பது. அதை வைத்துப் பல நாடுகளுக்குப் போக விண்ணப்பிக்கலாம், சொந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. "வலைப்பந்துக் கோட்டு இன்னும் அதே இடத்திலயா இருக்கு?" என்று கேட்டார்.

மறுநாள் அவருக்கு விடுமுறை. எங்களோடு வந்தார். பரிஸில் 13 வருடம், லூவருக்குள் கால் வைத்தது அன்றுதான். மோனாலிசாவைப் பார்த்து, "இவ்வளவு சின்னனா?" என்றார். நாங்களும் அதையேதான் நினைத்துக்கொண்டு நின்றோம்.

மத்தியானத்துக்குப் பிறகு மொன்மார்த்ர் குன்றுக்குப் போனோம். உச்சியில் இருக்கும் வெள்ளைத் தேவாலயத்துக்கு 200க்கு மேற்பட்ட படிகள். குளிர்காற்று. பாதி வழியில் நேபாளத் தோழிக்கு இழுக்கத் தொடங்கியது. அவளுக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. பம்ப் எங்கே என்று கேட்டோம். இங்கிலாந்தில், மற்றக் கைப்பையில். படியில் குந்தியிருந்து தோளை உயர்த்தி உயர்த்தி மூச்சு எடுத்தாள். ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை.

அவளையும் சேர்த்து அந்தப் படியில் நாலு வைத்தியர்கள். கையில் ஒரு மருந்தும் இல்லை. இத்தாலிக்காரிக்குத் தெரிந்த பிரெஞ்சு கோப்பி வாங்க மட்டுமே போதும். அக்கா ஏற்கெனவே தொலைபேசியை எடுத்து 15ஐ அழுத்திவிட்டார். பிரான்ஸில் அது அவசர மருத்துவ இலக்கம். அழைத்தால் ஒரு வைத்தியரே பேசி, என்ன அனுப்புவது என்று தீர்மானிப்பார். அந்த வைத்தியர் கேட்பதை அக்கா தமிழில் என்னிடம் கேட்டார். வசனம் முழுதாய் வருகுதா? உதடு நீலமா? முன்னம் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கினமா? நான் சொன்னதை நிறுத்தாமல் பிரெஞ்சில் சொன்னார். வீதியின் பெயர், எந்தப் பக்கத்துப் படி, எல்லாம் ஒழுங்காக. அம்புலன்ஸ் வந்தது. அவரும் கூடவே ஏறினார்.

நெபுலைசர் கொடுத்து இரண்டு மணித்தியாலத்தில் தோழி தேறிவிட்டாள். காத்திருந்த நேரத்தில், "இந்த மருத்துவச் சொற்களெல்லாம் எங்கே பழகினீர்கள் அக்கா?" என்று கேட்டேன். வந்த புதிதில் பின்னேர வகுப்பில் பிரெஞ்சு படித்தாராம். மொழி தெரியாத எங்கள் பெண்கள் கூப்பிட ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகத் தொடங்கினாராம். "எத்தினை பிள்ளைப்பேறுக்குப் போனன் எண்டு எண்ணேல்லை. உள்ளுக்கை நிண்டு, 'முக்கச் சொல்லுகினம், முக்கு' எண்டு சொல்லுறது என்ர வேலை" என்றார். காசு வாங்குவதில்லை.

இரவு கார் டு நோர் நிலையத்தின் மேல்மாடியில், பிரித்தானியக் கடவுச்சீட்டுச் சோதனைக்கு முன்னால் பிரிந்தோம். அதற்கு அப்பால் அவர் வர முடியாது. கையில் இடியப்பமும் சம்பலும் ஒரு பொதி. தோழிகள் மூவரும் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். "சங்கத்துக்கு விண்ணப்பப் படிவம் அனுப்புறன் அக்கா" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

படிவத்தை அனுப்பினேன். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. பெயர், முகவரி, இல்லம், சேர்ந்த ஆண்டு எல்லாம் அழகான எழுத்தில் நிரப்பியிருந்தார். "உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றிய ஆண்டு" என்ற இடமும் "விடுகைப் பத்திர இலக்கம்" என்ற இடமும் வெறுமையாக இருந்தன. கையொப்பம் இல்லை. கூட 50 யூரோ, "நூலகத்துக்கு" என்று ஒரு துண்டு. பணத்தை நூலகத்தில் கொடுத்தேன். படிவத்தை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. கையொப்பம் இல்லாமல் எப்படிக் கொடுப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை என் மேசைக்குள் வைத்திருந்தது நான்தான், சங்கம் அல்ல. அந்தக் குற்றத்தை இன்று இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன்.

சகோதரிகளே, இந்த நூற்றாண்டு மலருக்காகத் தொகுத்த பட்டியல்களைப் பார்த்தேன். வைத்தியர்கள், பொறியியலாளர்கள், சட்டத்தரணிகள், நிர்வாக அதிகாரிகள். என் பெயரும் இருக்கிறது. பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்பில் ஒரு நாள் மணி அடித்து வீட்டுக்குப் போய், அடுத்த நாள் வர முடியாமற் போனவர்களுக்கு அதில் ஒரு பக்கமும் இல்லை. அவர்களிடம் விடுகைப் பத்திரம் இருக்காது. அவர்கள் விலகவில்லையே!

ஆகவே செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள். அங்கத்துவப் படிவத்திலிருந்து அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிடுங்கள். எந்த ஆண்டு சேர்ந்தீர், எந்த இல்லம் என்று கேட்டால் போதும். பழைய வரவு இடாப்புகளில் எஞ்சியிருப்பவற்றைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம். அந்த வேலையை நானும் என் வகுப்பினர் நால்வரும் பொறுப்பேற்கிறோம். ரொறன்ரோ, லண்டன், சூரிச், சிட்னி, பரிஸ் கிளைகளில் இருப்பவர்கள், உங்கள் ஊரில் இப்படி ஒருவர் இருந்தால் அவரைத் தேடிப் போய்க் கதையுங்கள். அவராக வர மாட்டார்.

அக்காவின் பெயரை நான் சொல்லவில்லை. கதையைச் சொல்ல அனுமதி தந்தார், பெயருக்குத் தரவில்லை. "படிவத்தை மாத்தினால் பிறகு பாப்பம்" என்றார். போன கிழமை தொலைபேசியில் கதைத்தபோதும் வலைப்பந்துக் கோட்டைப் பற்றித்தான் கேட்டார். அதே இடத்தில்தான் இருக்கிறது என்று சொன்னேன்.

அவருடைய பழைய படிவம் இதோ என் கையில். புதிய படிவம் அச்சானதும் முதற் பிரதியை எனக்குத் தாருங்கள். இந்த முறை தபாலில் அனுப்ப மாட்டேன். நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.