தராசை முதலில் பாருங்கள்

(சம்பளம் போட்ட வாரத்தில் நடந்த தோட்ட இளைஞர் கூட்டத்தில், கிளைக் கமிட்டியின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

இன்று நாங்கள் சம்பள நிர்ணய சபையைப் பற்றிப் பேச வரவில்லை. பந்தயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். முன்பு டவுனுக்குப் போய் புக்கியில் குதிரைக்குக் கட்டினார்கள். இப்போது லயத்துக் காம்பராவில் படுத்துக்கொண்டே போனில் கிரிக்கெட்டுக்குக் கட்டுகிறார்கள். உபதேசம் செய்ய எங்களுக்கு யோக்கியதை குறைவு. கட்டித் தோற்றவர்கள் இந்தக் கமிட்டியிலும் இருக்கிறோம்.

"அண்ணே, நாங்க சும்மா கட்டல. பிட்ச், மழை, டொஸ், யார் நல்லா ஆடுறான் எல்லாம் தேடிப் பாத்துத்தான் கட்டுறோம்" என்கிறீர்கள். தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் 2023 செப்டெம்பர் 17ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். ஆசியக் கிண்ண இறுதிப்போட்டி. கொழும்பு, நம்முடைய மைதானம். 2022இல் கிண்ணத்தை வென்றதும் நாம்தான். பாகிஸ்தானைக் கடைசிப் பந்தில் வென்று வந்திருந்தோம். டொஸ்ஸும் நமக்கே. அப்படியிருந்தும் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டோம். சிராஜ் 21 ஓட்டம் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். இந்தியா 6.1 ஓவரில் ஆட்டத்தை முடித்துவிட்டது. தேடிய விபரம் எதுவும் பொய்யில்லை. ஆனாலும் அது ஆட்டத்தைக் கட்டுப்படுத்தவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோ கழித்தால் நாம் சும்மா இருப்பதில்லை. பந்தயத்திலும் அதே கழிவு இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை.

இரண்டு அணியும் சமபலம் என்று வையுங்கள். இரண்டுக்கும் 1.90 விலை போடுவான். ஒருவர் ஒரு பக்கம் 100 ரூபாய், இன்னொருவர் மறுபக்கம் 100 ரூபாய் கட்டினால் அவன் கையில் 200. வென்றவருக்குக் கொடுப்பது 190. யார் வென்றாலும் 10 ரூபாய் அவனுக்கு. இந்த விலையில் நட்டமில்லாமல் இருக்கவே 100 பந்தயத்தில் 53 வெல்ல வேண்டும். அப்படி 53 வென்றாலும் மிச்சம் 70 ரூபாய்தான். 52 வென்றால் 120 ரூபாய் நட்டம்.

நாலு ஆட்டத்தைச் சேர்த்துக் கட்டினால் 13 மடங்கு என்று ஆசை காட்டுவான். நியாயமான கணக்கு 16 மடங்கு. சேர்க்கச் சேர்க்கக் கழிவும் கூடும். நீங்கள் தேடும் பிட்ச், மழை விபரமெல்லாம் விலை போடுபவனிடம் உங்களுக்கு முன்பே இருக்கிறது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறோம்? எங்கள் டிவிஷனில் ஒரு தம்பி சீட்டுக் காசைக் கட்டித் தோற்றார். விட்டதைப் பிடிக்க அம்மாவின் தோட்டை அடகு வைத்தார். அதுவும் போயிற்று. அந்தத் தாய் இன்றும் வெறுங்காதோடு மலைக்குப் போகிறார். அந்தத் தம்பியும் ஆட்டங்களை நன்றாகத் தேடிப் பார்ப்பவர்தான். நாங்கள் நேரத்தோடு கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது எங்கள் குறை.

ஆகவே மூன்று விஷயம். ஒன்று, கட்டுகிறவர்கள் ஒரு கொப்பியில் எழுதுங்கள். வென்றதை மட்டுமல்ல, தோற்றதையும். நம் பெண்கள் தங்கள் கிலோவைக் குறித்து வைத்துச் செக்ரோலோடு ஒப்பிடுவது போல, மூன்று மாதம் கழித்துக் கூட்டிப் பாருங்கள். இரண்டு, கடன் காசும் சீட்டுக் காசும் அடகுக் காசும் பந்தயத்துக்குப் போகக்கூடாது. விட்டதைப் பிடிக்க மறுபடி கட்டக்கூடாது. மூன்று, மாட்டிக்கொண்டால் ஒளியாமல் கமிட்டிக்கு வாருங்கள். பேரைக் கெடுக்க மாட்டோம். கடன்காரரோடு தவணை பேச நாங்கள் கூட வருவோம்.

1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு ஆண்டுக்கணக்கில் போராடி, 2021 மார்ச்சில்தான் பெற்றோம். அப்படிப் பெற்ற காசை ஒரு ஓவரில் விடலாமா? ஆட்டத்தைப் பாருங்கள், கைதட்டுங்கள். நாங்களும் உங்களோடு உட்கார்ந்து பார்ப்போம்.