நோர்வூட்டில் கூடுகட்டும் காலம்

மாசி மாதம் பிறந்ததும் நோர்வூட் கடைவீதியில் ஆரவாரமின்றி ஒரு கட்டட வேலை தொடங்கிவிடுகின்றது. அரிசிக் கடையின் கூரைக்கும் சுவருக்கும் இடையே ஒரு பொந்தைக் கைப்பற்றிக்கொண்ட ஆண் சிட்டுக்குருவி, துணையை அழைத்து ஓயாது குரல் கொடுக்கின்றது. மைனா வைக்கோலையும் கந்தல் துணியையும் கவ்விக்கொண்டு தகரக் கூரையின் இடுக்குக்குள் நுழைகின்றது. கொண்டைக்குருவி இணையோ வீட்டு விறாந்தைக்குள் அஞ்சாது புகுந்து, விளக்கின் மேலும் தட்டின் மேலும் அமர்ந்து இடம் பார்க்கின்றது.

இவை ஏன் இக்காலத்தைத் தேர்ந்துகொள்ளுகின்றன? குளிர்நாடுகளில் இதற்கு விடை எளிது. அங்கே பகற்பொழுது நீளுவதே பறவைக்கு அழைப்பாகும். கனடா நாட்டில் வில்லியம் ரோவன் என்னும் அறிஞர் 1920களில், கடுங்குளிர்க் காலத்தில் கூட்டிலடைத்த சிறு பறவைகளுக்கு மின்விளக்கால் பகலை நீட்டிக் காட்டினார். பனி பெய்துகொண்டிருந்தபோதே அவற்றின் உடல் இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாயிற்று. இலண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ 9 மணி நேர வேறுபாடு உண்டு. நோர்வூட்டிலோ அவ்வேறுபாடு ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆகவே இம்மலைநாட்டுப் பறவையின் காலக்கணக்கை அறிய, பகலின் நீளத்தோடு மழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வடகீழ்ப் பருவக்காற்று மாசியில் ஓய்கின்றது. தென்மேல் பருவக்காற்று வைகாசியில் வந்து, மலைநாட்டின் இம்மேற்குச் சரிவை வாரக்கணக்கில் நனைக்கின்றது. இடையிலுள்ள பங்குனியிலும் சித்திரையிலும் காலை வெயிலும், மாலை இடிமழையும் மாறி மாறி வருகின்றன. அந்த மழையில் தேயிலைச் செடிகள் தளிர்க்கின்றன, பூச்சிகளும் பெருகுகின்றன. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்கு முதல் நாட்களில் ஊட்டுவது புழுவும் பூச்சியுமே. பெருமழை வந்து சேருமுன் குஞ்சு சிறகு முளைத்துப் பறந்துவிட வேண்டும். இதுவே பறவைக்குக் கிடைக்கும் தவணை.

இவற்றுள் மலைநாட்டுக்கே சிறப்பாக உரியது மலைத் தகைவிலான். செம்பழுப்பு நிறக் கழுத்தும், கருநீல முதுகும் உடைய சிறு பறவை இது. மார்கழியில் மின்கம்பிகளில் வரிசையாக அமரும் தகைவிலான்களுள் பல வடதேசத்திலிருந்து வந்த விருந்தாளிகள். சித்திரைக்குள் அவை திரும்பிவிடும். மலைத் தகைவிலானோ ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்வது. அறிவியலார் அதற்கு இட்ட பெயரின் பொருளே ‘வீட்டில் வாழ்வது’ என்பதாகும். மழைநீர் தேங்கிய இடத்திலிருந்து ஈர மண்ணைச் சிறு உருண்டைகளாக அலகிற் கொணர்ந்து, பங்களா விறாந்தை, தேயிலைத் தொழிற்சாலை, பாலத்தின் அடிப்பக்கம் ஆகியவற்றில் ஒட்டி, அரைக் கிண்ணம் போன்ற கூட்டை அது அமைக்கின்றது. உள்ளே இறகுகளைப் பரப்பி இரண்டு மூன்று முட்டைகளை இடுகின்றது. முட்டையிட்ட நாள் முதல் குஞ்சு பறக்கும் நாள் வரை ஏறக்குறைய ஐந்தாறு வாரங்கள் செல்லும்.

இங்கேதான் ஒரு சங்கடம் பிறக்கின்றது. மனிதர் சித்திரைப் புத்தாண்டுக்கென வீட்டைத் துப்புரவு செய்து வெள்ளையடிப்பதும், பெருமழைக்கு முன் கூரையைச் செப்பனிடுவதும் இதே வாரங்களில்தான். ஒட்டடைக் கம்பு ஒருமுறை வீசப்பட்டால் பல நூறு மண்ணுருண்டைகளின் உழைப்பு உதிர்ந்துவிடுகின்றது. மீண்டும் தொடங்கும் பறவைக்கோ தவணை போதாது. பழைய லயங்களின் கூரை இடுக்குகள் புதிய வீடுகளில் இல்லை. தேயிலைத் தொழிற்சாலைகளிலும் உணவுத் தூய்மை கருதிப் பறவை புகாதபடி வலையிடுகின்றனர். ஒழுகாத கூரை தொழிலாளிக்கு வேண்டும். தூய தேயிலையும் வேண்டும். இவற்றைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் காலமறிந்து செய்தால் இரு தரத்தாருக்கும் இடமுண்டு. இடுக்குகளை அடைப்பதும் வலை கட்டுவதும் தையிலேயே முடிந்துவிட்டால், பறவை முட்டையிடுமுன் வேறிடம் தேடிக்கொள்ளும். பங்குனியில் அடைத்தாலோ குஞ்சு உள்ளே சிக்கி மடியும். வெள்ளையடிக்கும்போது கூடுள்ள ஒரு மூலையை மட்டும் ஒதுக்கிவிடலாம். எச்சம் விழுகின்றதே என்று வருந்துவோர் கூட்டுக்குக் கீழே ஒரு சிறு பலகையை அறைந்துவிட்டால் போதும். சிட்டுக்குருவிக்கென்று துளையிட்ட மண் முட்டியை வீட்டில் தொங்கவிடும் பழக்கம் இலங்கையில் முன்னரே உண்டு. அக்குருவி பல நாடுகளில் அருகி வருவது கண்டு, 2010 ஆம் ஆண்டு முதல் மார்ச் 20 ஆம் நாளை உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடுகின்றனர். நோர்வூட்டுக் குருவி கூடுகட்டும் நாட்களிலேயே அந்நாளும் வருகின்றது.

மலையில் தேயிலை நட்டு, லயமும் கடையும் எழுப்பியபோது மனிதர் இப்பறவைகளை அழைக்கவில்லை. அவை தாமே வந்து குடியேறின. காடு அழிந்த இடத்தில் கூரையையே காடாகக் கொண்டு வாழப் பழகிக்கொண்டன. அவை வீட்டாரிடம் வேண்டுவது உணவன்று; ஆறு வாரப் பொறுமையே. வைகாசி மழை கூரையில் அறையும்போது கூடு வெறுமையாயிருக்கும். அப்போது அதனைத் தாராளமாகத் துடைத்துவிடலாம்.