கண்ணுக்கு எந்தச் சொட்டு?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"டெக்னிக்கலா பேசுங்க, ஆனா யாரும் தூங்கிடக்கூடாது"ன்னு செயலாளர் சொன்னார். அப்படியானால் கண்ணைப் பற்றியே பேசிவிடலாம் என்று முடிவு செய்தேன். நான் டாக்டர் இல்லை. காட்டுப்பள்ளியில் கன்ட்ரோல் ரூமில் உட்காரும் எஞ்சினியர். எங்கள் பக்கம் யார் மேஜை டிராயரைத் திறந்தாலும் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு கண் சொட்டு மருந்து பாட்டில் கிடக்கும். வெளியே கடல் காற்றும் தூசியும், உள்ளே ஏ.சி.யும் மானிட்டரும். ஸ்கிரீனை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதே குறைந்துவிடுகிறது.

உப்பளம் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு கூடும். உலர்ந்த கண்ணிலும் நடப்பது அதுதான். கண்ணீர்ப் படலத்தின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒன்று உண்டு. இமை ஓரத்துச் சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. அவை அடைத்துக்கொண்டால் நீர் சீக்கிரம் ஆவியாகும், உப்பு கூடும், அதனால் அழற்சி வரும், அழற்சியால் வறட்சி இன்னும் கூடும். சிலருக்கு நீர்ச் சுரப்பே குறைவு. ஆகவே "எது நல்ல சொட்டு?" என்று கேட்பதைவிட "எனக்கு எது பழுது?" என்று கேட்பதுதான் சரி.

முதலில் செயற்கைக் கண்ணீர். கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம் நீர்த்து இருக்கும். 1 சதவீதம் கெட்டி, நேரம் தாங்கும், ஆனால் கொஞ்ச நேரம் பார்வை மங்கும். வண்டி ஓட்டப் போகுமுன் வேண்டாம். சோடியம் ஹயலுரோனேட் நீரைப் பிடித்து வைக்கும், விலை கூடுதல். எது உசத்தி? 43 சோதனைகளை அலசிய 2016-ம் ஆண்டு காக்ரேன் தொகுப்பாய்வே அடித்துச் சொல்லவில்லை. எண்ணெய் குறைந்தவருக்கு எண்ணெய் கலந்த சொட்டும், இமைமேல் வெந்நீர் ஒத்தடமும் பொருந்தும். மீன் எண்ணெய் மாத்திரை? 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஆலிவ் எண்ணெயைவிட அது எந்த வகையிலும் மேலாக இல்லை. பழவேற்காடு மீனை ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

அடுத்து, பாட்டிலுக்குள் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள். பென்சல்கோனியம் குளோரைடு கிருமியைக் கொல்லும். சோப்பு மாதிரி எண்ணெய்ப் பூச்சையும் கலைக்கும். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் போடுகிறவர்களுக்கு அது இல்லாத மருந்துதான் நல்லது. ஆனால் அங்கேயும் ஒரு ஆபத்து இருக்கிறது. திருப்போரூர் அருகே ஆலத்தூரில் இருந்து குளோபல் ஃபார்மா நிறுவனம் அமெரிக்காவுக்கு அனுப்பிய எஸ்ரிகேர் சொட்டு அப்படிப்பட்டதுதான்: கெடாமல் காக்கும் பொருள் கிடையாது, ஆனால் பலமுறை திறந்து மூடும் பாட்டில். 2023 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் கிருமி தொற்றி, அந்த மே மாதம் வரையிலான கணக்கில் 18 மாநிலங்களில் 81 பேர் பாதிப்பு. 14 பேருக்குப் பார்வை போயிற்று. 4 பேர் இறந்தார்கள். ஆலையில் சோதனையிட்ட அமெரிக்க அதிகாரிகள் கிருமிநீக்க நடைமுறையில் குறைகளை எழுதினார்கள். இங்கே சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று நம் அரசுத் தரப்பு சொன்னது. என்னைக் கேட்டால், பிரிசர்வேட்டிவ் இல்லாதது வேண்டுமென்றால் ஒரே தடவை உபயோகித்து எறியும் சின்னக் குப்பிதான்.

இதற்கும் அடங்காவிட்டால் அழற்சியை அடக்கும் மருந்து. உறுப்பு மாற்று சிகிச்சையில் பயன்பட்ட சைக்ளோஸ்போரினை 0.05 சதவீதமாக்கிக் கண்ணுக்குக் கொடுக்கிறார்கள். போட்டதும் எரியும், பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். நிறையப் பேர் இரண்டாவது வாரமே நிறுத்திவிட்டு "வேலை செய்யலை"ங்கறாங்க.

ஸ்டீராய்டு சொட்டோ இரண்டே நாளில் சிவப்பை எடுத்துவிடும். கஷ்டமே அங்கேதான். எங்கள் கிரேன் ஆபரேட்டர் நண்பர் ஒருவர் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் அதை வாங்கி எட்டு மாதம் போட்டார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஒரு கண்ணில் பக்கப் பார்வை போய்விட்டது. க்ளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது. இப்போது அவர் கிரேன் ஏறுவதில்லை, ஸ்டோர்ஸில் இருக்கிறார். டாக்டர் சில வாரத்துக்கு எழுதி, அழுத்தத்தையும் அளந்து பார்த்தால் அதே மருந்து நல்ல மருந்து.

இன்று வீட்டுக்குப் போனதும் டிராயரில் உள்ள பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன், பீட்டாமெத்தசோன், லோட்டிபிரட்னால் என்று ஏதாவது இருந்தால் பாட்டிலோடு கண் டாக்டரிடம் போங்கள். திறந்து ஒரு மாதம் ஆன பாட்டிலாக இருந்தால் குப்பையில் போடுங்கள். புதிதாகத் திறந்தால் தேதியை மேலேயே எழுதி வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு சொட்டு போதும். இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும்.