சுவரில் சாய்த்த பலகை

வீட்டில் அலமாரி வேலை என்றால் முதலில் வந்து இறங்குவது எட்டுக்கு நாலு அடி பிளைவுட். இறக்கியவர் அதை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விடுவார். தப்பு அங்கேதான் ஆரம்பம். சாய்ந்து நிற்கும் பலகை தன் எடையாலேயே வில்லாக வளையும். அப்புறம் அலமாரிக் கதவு மூடவே மூடாது. பழி தச்சர் மேல்!

பலகையைப் படுக்கப் போடுங்கள். வெறுந்தரையில் வேண்டாம், சிமெண்ட் தரை ஈரம் விடும். ஒரே கனமுள்ள ரீப்பர் கட்டைகளைக் கிட்டக்கிட்ட, சம இடைவெளியில் வைத்து அவற்றின்மேல் அடுக்குங்கள். வேலை நடக்கும் அறையிலேயே இரண்டு நாள் கிடந்தால் அந்த இடத்துக் காற்றின் ஈரத்துக்கு மரம் பழகிக்கொள்ளும்.

ஈரத்துக்கு வாசல் பலகையின் ஓரம்தான். எம்.டி.எஃப், பார்ட்டிகிள் போர்டு இரண்டும் ஓரத்தில் தண்ணீர் குடித்தால் உப்பிவிடும். காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. அறுத்த கையோடு ஓரத்தை அடைத்துவிட வேண்டும். மேலே மினுமினுக்கும் லேமினேட், கீழே பச்சையாக விட்ட ஓரம்: நம் ஊர்ச் சமையலறைகளில் பாதி இப்படித்தான்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் எம்.ஆர். ரக பிளைவுட் போடாதீர்கள். அது காற்று ஈரத்தைத்தான் தாங்கும். அங்கே கொதிநீர் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரகம் அல்லது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வேண்டும். 710 தரப் பலகையின் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுப் பசையைச் சோதிக்கிறார்கள்.

எம்.டி.எஃப் அறுக்கும்போது பறக்கும் தூள் மாவைவிட மெல்லியது, பசையும் கலந்தது. முகக்கவசம் போட்டு, வாசலில் வைத்து அறுக்கச் சொல்லுங்கள்.